ஐந்து வரிச் சீட்டும் ஒரு நர்ஸும்

எந்த ஆபீஸிலும் ஏதாவது சொதப்பினால் முதலில் எழும் கேள்வி, ‘யார் பண்ணினது?’ ஐந்து நிமிஷத்தில் ஆள் கிடைத்துவிடுவார். அநேகமாக அவர் அன்றைக்கு லீவில் இருப்பவர். மெமோ கொடுப்பார்கள், ஃபைலை மூடுவார்கள். ஆறு மாசம் கழித்து அதே சொதப்பல், வேறொரு லீவு ஆசாமி.

சாதாரண ஆபீஸில் இதனால் ஒரு ஃபைல் தொலையும், ஒரு டெண்டர் போகும். ஆஸ்பத்திரியில் ஆளே போய்விடுவார். தப்பு ஏன் நடக்கிறது என்று தீவிரமாக யோசித்த துறைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று விமானம், இன்னொன்று ஆஸ்பத்திரி. இதில் விமானக்காரர்கள்தான் முந்திக்கொண்டார்கள். காரணம் சுலபம். தப்பு நடந்தால் பைலட்டும் அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சர்ஜனுக்கு அந்த வசதி இல்லை.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘குவாலிட்டி’, ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்று தனி இலாகாவே இருக்கிறது. போர்டைப் பார்த்தால் ஏ.ஸி. ரூமும் கழுத்தில் டையும் ஞாபகம் வரும். விஷயம் அவ்வளவு பகட்டானதில்லை. பாதி, கை கழுவுவது. மீதி, வாயைத் திறப்பது. இரண்டாவதுதான் கஷ்டம்.

* * *

கை கழுவின கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். இரண்டாவதில் மருத்துவச்சிகள். முதல் வார்டில் நூற்றுக்குச் சுமார் பத்து தாய்மார்கள் பிரசவ ஜுரத்தில் இறந்தார்கள். இரண்டாவதில் நான்குக்கும் குறைவு. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். முதல் வார்டு வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்களாம். படித்த டாக்டர் வேண்டாம், மருத்துவச்சி போதும் என்று.

இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய இளைஞர் அங்கே டாக்டர். 1847-ல் அவருடைய நண்பரான பேராசிரியர் ஒருவர் பிரேதப் பரிசோதனையின்போது மாணவனின் கத்தி விரலில் பட்டு, பிரசவ ஜுரம் மாதிரியே ஒரு ஜுரம் வந்து இறந்துபோனார். ஸெம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. டாக்டர்கள் பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணவறைப் பக்கமே போவதில்லை. கையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது! அந்த வருஷம் மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு என்றிருந்த சாவு ஜூனில் சுமார் இரண்டுக்கு இறங்கியது.

இத்தோடு படம் முடிந்து ‘சுபம்’ போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கனவான்களான டாக்டர்களின் கையால்தான் தாய்மார்கள் சாகிறார்கள் என்று சொன்னால் எந்த டாக்டருக்குப் பிடிக்கும்? கிருமி என்ற சங்கதியே அப்போது ஸ்தாபிக்கப்படவில்லை. ஸெம்மல்வைஸும் பொறுமைசாலி அல்ல. கண்டுபிடித்ததை ஒழுங்காக எழுதி வெளியிட 1861 வரை எடுத்துக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 1849-லேயே வியன்னாவில் வேலை போய்விட்டது. 1865-ல் மனநோய் விடுதி ஒன்றில், காயத்தில் சீழ் பிடித்து, நாற்பத்தேழு வயதில் இறந்தார்.

விடை அவர் கையில் இருந்தது. புள்ளிவிவரமும் இருந்தது. தன்னைவிடப் பெரிய ஆட்களைக் கை கழுவ வைப்பது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை. இது மருத்துவப் பிரச்னையே இல்லை. உங்கள் ஆபீஸிலும் என் ஆபீஸிலும் உள்ள பிரச்னை.

* * *

சுமார் நூற்றைம்பது வருஷம் கழித்து, அமெரிக்காவில் பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. உலகப் பிரசித்தம். 2001 பிப்ரவரியில் அங்கே ஜோஸி கிங் என்ற ஒன்றரை வயசுக் குழந்தை இறந்தது. குளியலறை வெந்நீரில் தீக்காயம் பட்டு வந்த குழந்தை, தேறிக்கொண்டிருந்தது. பிறகு உடம்பில் நீர்ச்சத்து வற்றியது. ‘தாகத்தில் தவிக்கிறாளே’ என்று அம்மா சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் சரியாக ஏறவில்லை. கொடுக்கக் கூடாத நேரத்தில் ஒரு வலி மருந்தும் போனது. நஷ்ட ஈடாக வந்த பணத்தில் ஒரு பங்கை அந்தப் பெற்றோர் அதே ஆஸ்பத்திரியிடம் திருப்பிக் கொடுத்தார்கள், இன்னொரு குழந்தைக்கு இப்படி நடக்காமல் பார்க்கச் சொல்லி. படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

அதே வருஷம், அதே ஆஸ்பத்திரியில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர் ஒரு காகிதத்தில் ஐந்து வரி எழுதினார். ஐ.ஸி.யு. நோயாளிகளுக்குக் கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு டியூப் போடுவார்கள். அதன் வழியாகக் கிருமி ரத்தத்தில் நுழைந்தால் ஆபத்து. டியூப் போடும்போது செய்ய வேண்டியவை: ஒன்று, சோப்புப் போட்டுக் கை கழுவு. இரண்டு, தோலைக் கிருமிநாசினியால் துடை. மூன்று, நோயாளி முழுவதையும் சுத்தமான துணியால் மூடு. நான்கு, மாஸ்க், தொப்பி, கவுன், கையுறை போடு. ஐந்து, போட்ட இடத்தைச் சுத்தமான கட்டால் மூடு.

இதில் எதுவும் எந்த டாக்டருக்கும் தெரியாததில்லை. முதல் வருஷப் பாடம். ‘சும்மா ஒரு மாசம் கவனியுங்கள்’ என்று நர்ஸ்களிடம் சொன்னார். மூன்றில் ஒரு நோயாளிக்கு மேல், ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது! ஹாப்கின்ஸில்!

அடுத்து அவர் செய்ததுதான் புரட்சி. நிர்வாகத்திடம் பேசி, ஒரு படியை விட்டால் டாக்டரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸ்களுக்கு வாங்கிக் கொடுத்தார். நம் ஊரில் யோசித்துப் பாருங்கள். சீஃப் டாக்டர் வார்டில் நுழைந்தால் ஃபேன்கூட மெதுவாகச் சுற்றும். அவரிடம் போய் இருபத்து மூன்று வயசு நர்ஸ், ‘ஸார், மாஸ்க் போடலை’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் மேனேஜ்மென்ட் நர்ஸ் பக்கம் நிற்கும்.

ஒரு வருஷத்தில், டியூப் போட்ட பத்து நாளுக்குள் தொற்று வந்தவர்கள் நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தார்கள். அவர்களே நம்பவில்லை. மேலும் பதினைந்து மாசம் பார்த்தார்கள். மொத்தம் இரண்டே தொற்று.

அப்புறம் மிச்சிகன் மாநிலம் முழுக்க, நூறு ஐ.ஸி.யு.க்களுக்கு மேல். தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 2006-ல் பத்திரிகையில் வந்தது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இது: ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒரு நிர்வாக அதிகாரி ஐ.ஸி.யு.வுக்கு மாசா மாசம் நேரில் வந்து ‘என்ன தடங்கல்?’ என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. வந்து பார்த்தால், துடைக்கச் சொன்ன அந்தக் கிருமிநாசினி மூன்றில் ஒரு பங்கு ஐ.ஸி.யு.வில்கூட இல்லை! ‘துடை, துடை’ என்று எத்தனை சர்க்குலர் விட்டு என்ன பிரயோஜனம்? ஸ்டோர்ஸில் சரக்கு இல்லை. மேனேஜர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தபிறகுதான் அது தெரிந்தது.

* * *

ஜேம்ஸ் ரீஸன் என்று ஒரு பிரிட்டிஷ் உளவியல் பேராசிரியர் தப்புகளுக்காகவே வாழ்ந்தவர். அவருடைய சித்தாந்தத்தை ஸ்விஸ் சீஸ் துண்டுகளை வைத்து விளக்குவார்கள். நமக்கு மெதுவடை போதும்.

நாலு மெதுவடைகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. முதல் வடை, மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர். இரண்டாவது, மருந்து எடுத்துத் தரும் ஃபார்மஸிஸ்ட். மூன்றாவது, ஊசி போடும் நர்ஸ். நாலாவது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி. சாதாரணமாக ஓட்டைகள் ஒரே நேர்க்கோட்டில் வராது. டாக்டர் கிறுக்கலாக எழுதினால் ஃபார்மஸிஸ்ட் போன் பண்ணிக் கேட்பார். அவர் அசந்தால் நர்ஸ் கவனிப்பார். அவரும் அசந்தால், ‘நேத்து மஞ்சள் மாத்திரை இல்ல குடுத்தீங்க?’ என்று மனைவி கேட்பார். என்றைக்கு நாலு ஓட்டையும் நேராக வருகிறதோ அன்றைக்கு விபத்து. கடைசியாக ஊசி போட்ட நர்ஸை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? மற்ற மூன்று வடைகளும் அப்படியே இருக்கும். புது நர்ஸ் வருவார். ஓட்டை அதே இடத்தில்.

ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்பது ஓட்டைகளை முன்கூட்டியே எண்ணி வைப்பது. எது அடிக்கடி நடக்கும், எது நடந்தால் ஆளைக் கொல்லும் என்று இரண்டு கணக்கு போடுவது. பிறகு அடைப்பது. அடைப்பதிலும் தரம் உண்டு. மட்டமான வழி, ‘ஜாக்கிரதை’ என்று போர்டு மாட்டுவது. நாம் தெருவெல்லாம் மாட்டியிருக்கிறோம், பலன் தெரியும். அதைவிடத் தேவலை, பயிற்சி வகுப்பு. (மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு கணக்கில் சேராது.) அதைவிட மேல், செக்லிஸ்ட். எல்லாவற்றிலும் உசத்தி, தப்புப் பண்ணவே முடியாதபடி செய்துவிடுவது.

பொட்டாஸியம் குளோரைடு என்று ஒரு மருந்து. நீர்க்காமல் நேரே ரத்தத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீர் என்று நினைத்து இதை ஏற்றி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ‘கவனமாக இருக்கவும்’ என்று நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பாட்டிலையே வார்டிலிருந்து எடுத்து ஃபார்மஸியில் பூட்டினார்கள். கையில் இல்லாததைக் கை மாற்றி எடுக்க முடியாதல்லவா?

மயக்க மருந்து மெஷினில் ஆக்ஸிஜன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் வேறு வாயு சிலிண்டர் மாட்டினால் பொருந்தாது. ஊசி போல் இரண்டு முளைகள், ஒவ்வொரு வாயுவுக்கும் ஒவ்வோர் இடத்தில். தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் மாட்ட முடியாது. கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று சில ஏ.டி.எம்.களில் வைத்திருப்பது இதே புத்திதான். மனுஷன் பணத்தை மறக்க மாட்டான், கார்டை மறப்பான்.

* * *

செக்லிஸ்ட் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனமும் இறங்கியது. 2008-ல் ஆபரேஷன் தியேட்டருக்கு என்று பத்தொன்பது அம்சச் சீட்டு ஒன்று. நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா, முடிந்தபிறகு பஞ்சு, ஊசிக் கணக்கு சரியா. கத்தி வைக்குமுன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தார்கள். பெரிய சிக்கல்கள் நூற்றுக்கு 11-லிருந்து 7 ஆயின. சாவு 1.5-லிருந்து 0.8 ஆனது.

என் மாமா ஒருவருக்கு வலது முழங்கால் ஆபரேஷன். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் ஸர்வீஸ் போட்டவர், எதையும் இரண்டு தடவை சொல்லப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து ஐந்து பேர் ‘பேர் என்ன, எந்தக் கால்?’ என்று கேட்டுவிட்டார்கள். ஆறாவதாக வந்த நர்ஸிடம் வெடித்தார்.

‘‘ஏம்மா, கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சுக்க மாட்டீங்களா?’’

‘‘கம்ப்யூட்டர்ல இருக்குங்கய்யா. அந்த ஆள் நீங்கதானான்னு கேக்கறேன்.’’

மாமா அடங்கிப்போனார். ஆனாலும் விடவில்லை. வலது காலில் டாக்டர் மார்க்கர் பேனாவால் அடையாளம் போட்டுப் போனதும், தன் பங்குக்கு இடது காலில் பால்பாயின்ட்டில் ‘இது இல்லை’ என்று எழுதிக்கொண்டார். நர்ஸ் வந்து பார்த்து, ஸ்பிரிட் பஞ்சால் அழித்துவிட்டுச் சொன்னார்: ‘‘ரெண்டு கால்லயும் எழுத்து இருந்தா அவசரத்துல குழப்பம் வரும்ய்யா. ஒரே கால்ல ஒரே குறி.’’ அந்தப் பெண்ணை அன்றைக்கே குவாலிட்டி மேனேஜர் ஆக்கியிருக்கலாம்.

ஆனால் செக்லிஸ்ட்டை மந்திரத் தகடு என்று நினைத்துவிடக் கூடாது. கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் இதே சீட்டைக் கட்டாயமாக்கினார்கள். 101 ஆஸ்பத்திரிகள். எல்லாரும் கிட்டத்தட்ட முழுசாக டிக் அடித்ததாக ரிப்போர்ட் வந்தது. 2014-ல் கணக்குப் பார்த்தால், சாவில் குறிப்பிடும்படியான குறைவு இல்லை. அதே காகிதம், அதே வரிகள்!

ஏன் என்று நிபுணர்கள் இன்னும் வாதம் பண்ணுகிறார்கள். ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு ஓர் ஊகம் உண்டு. மேலிடத்து உத்தரவு வந்தால் டிக் அடிக்க நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் ஒன்பது மணி என்று கையெழுத்துப் போடும் ஜனங்கள் நாம், கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டும்போது. மிச்சிகனில் காகிதத்தோடு நர்ஸுக்கு அதிகாரமும், ஸ்டோர்ஸுக்குக் கிருமிநாசினியும், ஐ.ஸி.யு.வுக்கு ஒரு மேனேஜரின் கால்களும் வந்தன. காகிதம் மட்டும் வந்தால் காகிதம்தான் நிரம்பும்.

* * *

1990-களில் ஹார்வர்டில் எமி எட்மண்ட்ஸன் என்ற ஆராய்ச்சி மாணவி ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துத் தப்புகளை எண்ணினார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை உள்ள வார்டில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். வந்த விடை தலைகீழ். நல்ல வார்டுகளில்தான் தப்பு அதிகம் பதிவாகியிருந்தது! தலை சுற்றியிருக்கும். யோசித்ததில் புரிந்தது: அங்கே தப்பு அதிகம் நடக்கவில்லை, பயப்படாமல் சொல்கிறார்கள். கண்டிப்பான மேலாளர் உள்ள வார்டில் மூச்சு விடுவதில்லை. அங்கே ரிஜிஸ்டர் படு சுத்தம்.

அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் வர்ஜீனியா மேஸன் என்று ஓர் ஆஸ்பத்திரி. அதன் தலைவர் கேரி கப்லான் 2002-ல் தன் அதிகாரிகளை ஜப்பானுக்குக் கூட்டிப்போய், டொயோட்டா முறையைக் கற்று வந்தார். அந்தத் தொழிற்சாலையில் கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்த வைக்கலாம். ஆஸ்பத்திரியிலும் அதே மாதிரி, ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று விதி. அப்படியும் 2004 நவம்பரில் ஒரு விபத்து. லேபிள் இல்லாத கிண்ணங்களில் நிறமற்ற திரவங்கள். எக்ஸ்ரே சாயத்துக்குப் பதில் கிருமிநாசினி ஊசியில் ஏறி, ஒரு பெண்மணி இறந்துபோனார். வக்கீலைக் கூப்பிட்டு வாயை மூடிக்கொள்வது வழக்கம். இவர்கள் ஊழியர்களிடமும் ஊராரிடமும் ‘எங்கள் தப்பு’ என்று தாங்களே சொன்னார்கள். அந்தப் பெண்மணியின் பெயரிலேயே வருஷா வருஷம் பாதுகாப்புக்காக ஒரு விருது கொடுக்கிறார்கள். மறக்கக் கூடாது என்பதற்காக.

அப்படியானால் தப்புப் பண்ணினவனுக்குத் தண்டனையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தவனும், கை நீட்டித் தடுத்தபிறகும் மாஸ்க் போடாதவனும் தண்டிக்கப்பட வேண்டியவர்கள்தான். பதினாறு மணி நேரம் நின்று, ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் ஒன்றை மாற்றி எடுத்த நர்ஸை அந்த வரிசையில் நிறுத்தக் கூடாது. அங்கே தண்டிக்க வேண்டியது பாட்டிலை, டூட்டி சார்ட்டை.

இதைப் படிக்கும் பலர் நாளைக்கு ஸெக்‌ஷன் இன்சார்ஜ் ஆவீர்கள், மேனேஜர் ஆவீர்கள். ஆஸ்பத்திரியில்தான் என்றில்லை. உங்கள் கீழ் இருக்கும் பையன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, ‘ஸார், ஒரு தப்பு நடந்துடுச்சு’ என்பான். அடுத்த மூன்று விநாடி உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த மூன்று வருஷத்துக்கு உங்களுக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பது முடிவாகும். ‘யார்?’ என்ற கேள்வி நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கிவிட்டு, ‘உட்காருப்பா, எப்படி நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். விழுங்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், மாத்திரை மாதிரி.

அப்பாவையோ அம்மாவையோ ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதும் வாயைத் திறக்கலாம். கை கழுவினீர்களா என்று சிரித்த முகத்துடன் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இது என்ன மருந்து, எதற்கு என்று கேட்பதும் உங்கள் உரிமை. நாலாவது வடை நீங்கள்தான்.

சமயம் கிடைத்தால் நிர்வாகியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘போன வருஷம் உங்க ஆஸ்பத்திரியில எத்தனை தப்பு பதிவாச்சு?’ அவர் ஒரு எண்ணைச் சொல்லி, அதற்கு என்ன செய்தோம் என்றும் சொன்னால் தைரியமாகச் சேருங்கள். ‘ஒண்ணுகூட இல்லை ஸார்’ என்று பெருமையாகச் சொன்னால், வெளியே வந்து இன்னோர் ஆஸ்பத்திரியின் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.